சோதியும் துன்னிருளும்: வைகாசிக் குறிப்புகள்

மே 12

இன்று வெசாக். வவுனியாவிலிருந்து முள்ளியவளைக்குத் திரும்பும் பஸ், புளியங்குளம் தாண்டும்போது மைமல் பொழுதாகிவிட்டது. வீதியோரத்து இராணுவ முகாம்களில் வெசாக் கூடுகள் தொங்கின. எண்கோணச் சட்டம், வெள்ளைத் தாள், உள்ளே மின்குமிழ். புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் பரிநிர்வாணம் அடைந்ததும் வைகாசிப் பௌர்ணமியில் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. அந்த ஞானத்தைத்தான் கூட்டுக்குள் ஏற்றி வைக்கிறார்கள். முன் இருக்கையில் இருந்த பிள்ளை, "அம்மா, எவ்வளவு வடிவு!" என்று கத்தியது. தாய் வெளியே பார்க்கவே இல்லை. பிள்ளையின் குதூகலமும் விளங்கியது, தாயின் மௌனமும் விளங்கியது.

வைகாசி முழுக்க எங்கள் பகுதியில் விளக்குத்தான். வெசாக், போர் முடிந்த நாளான மே 18, பிறகு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். இந்த மாதம் முடியுமட்டும் இதைப் பற்றியே எழுதப்போகிறேன்.

மே 15

தரம் 10 பிள்ளைகளுக்கு 'ஒளியும் இருளும்' என்று கட்டுரை கொடுத்திருந்தேன். எல்லோரும் ஏறத்தாழ ஒன்றையே எழுதியிருக்கிறார்கள்: ஒளி அறிவு, இருள் அறியாமை, ஒளி நன்மை, இருள் தீமை. பிழையென்று வெட்ட முடியாது. உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தை இருள் என்றுதான் சைவ சித்தாந்தம் சொல்கிறது. ஆனால் 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் அதைச் சொன்ன விதம் கூர்மையானது. இருள் வேறு எந்தப் பொருளையும் காட்டாவிட்டாலும் தன்னுருவத்தையாவது காட்டும். ஆணவம் பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. "ஒருபொருளுங் காட்டா திருளுருவங் காட்டும், இருபொருளுங் காட்டா திது." இருட்டின் மேல் இருந்த பழியை எடுத்து, நம் அகந்தையின் மேல் வைத்துவிட்டார்.

இதே பிள்ளைகள்தான் சிவபுராணத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள். கரும்பலகையில் இரண்டு வரிகளை எழுதினேன். "நள்ளிருளில் நட்டம் பயின்றாடும் நாதனே." அடுத்தது, "சோதியனே துன்னிருளே தோன்றாப் பெருமையனே." கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பி, "ரீச்சர், கடவுளை இருட்டு என்று கூப்பிடுவது ஏச்சு இல்லையா?" என்று கேட்டாள். வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. எத்தனை வருடமாக அந்த வரியைச் சொல்கிறோம்! அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு அவளுக்குத்தான் வந்தது. மணிவாசகர் ஏசவில்லை, பிள்ளை. சோதியாக நிற்கிறவனைக் கண்டுவிட்டோம் என்று நினைக்கும்போதே, கண் போகாத இடத்திலும் அவன்தான் நிற்கிறான் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.

வேறு நாட்டுக் கதைகளும் கொஞ்சம் சொன்னேன். பழைய எகிப்தியருக்குச் சூரியனாகிய இரா ஒவ்வோர் இரவும் பாதாளத்தின் பன்னிரண்டு மணித்தியாலங்களைப் படகில் கடக்க வேண்டும். அப்பெப் என்னும் பாம்பு வழிமறிக்கும். ஆனாலும் சூரியன் புத்துயிர் பெறுவது அந்த இரவின் ஆழத்தில், மாண்டோரின் தெய்வமான ஒசிரிசோடு ஒன்று சேரும்போதுதான். யப்பானியரின் சூரியத் தெய்வம் அமதெராசு தம்பியின் அட்டகாசம் பொறுக்காமல் குகைக்குள் போய் ஒளித்தபோது, மற்றத் தெய்வங்கள் கூடி ஆடிச் சிரித்து வெளியே வரவழைத்தார்களாம். பிள்ளைகளுக்கு இந்தக் கதைதான் பிடித்தது.

மே 18

முள்ளிவாய்க்கால். 2009இல் போர் முடிந்த நாள், முடிந்த இடம். நினைவேந்தலில் சிரட்டையில் கஞ்சி வாங்கிக் குடித்தோம். உப்புப் போடாத கஞ்சி.

பொதுச்சுடர் ஏற்றிய பிறகு அவரவர் தங்கள் பிள்ளைகளுக்கு, சகோதரங்களுக்கு ஏற்றினார்கள். முற்பகல் வெயில், சுற்றிவர வெள்ளை மணல். அண்ணாவுக்கு வைத்த சிட்டி விளக்கில் சுடர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. திரியின் நுனி கறுத்து வளைவதும், அதற்கு மேலே காற்று நடுங்குவதும்தான் தெரிந்தது. எரிகிறதா என்று அம்மா கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூட்டில் அறிந்தார்.

கட்டுரைகளில் எழுதாத ஒன்றை இங்கே எழுத வேண்டும். அந்த மாதங்களில் எங்களுக்கு வெளிச்சம் என்றால் பயம். இரவில் பரா வெளிச்சம், அதாவது குடையில் தொங்கி எரியும் வெளிச்சக் குண்டு, மேலே எழும்பும்; மெல்ல மெல்ல இறங்கும்; தறப்பாள், மரம், மனிதர் எல்லாவற்றின் நிழலும் மணலில் நகரும். அது நூரும்வரை யாரும் அசைய மாட்டோம். பிறகு இருட்டு வரும். தண்ணீர் எடுக்கப் போனது, காயப்பட்டவரைத் தூக்கிப் போனது, செத்தவரைப் புதைத்தது எல்லாம் அந்த இருட்டுக்குள்தான். இருட்டு எங்களை மூடிக் காத்தது. அந்த நன்றியை எனக்கு மறக்க முடியாது. ஒளி நன்மை, இருள் தீமை என்று என் கையால் எழுதவும் முடியாது.

மே 21

மின்சாரம் நின்றுவிட்டது. அம்மா உடனே ஜாம் போத்தல் விளக்குக் கதையைத் தொடங்கிவிட்டார். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமம். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவு எண்ணெய், கம்பியில் நிறுத்திய சிறு குழாய்க்குள் திரி. கண்ணாடி காற்றை மறிக்கும். எட்டி எட்டி நெருப்புக்குச்சியைத் தாழ்த்திக் கொளுத்த வேண்டும், விரல் சுடும். சுடர் பயறளவுதான் நிற்கும். அந்தப் பயறளவு வெளிச்சத்தைச் சுற்றி நாலு பிள்ளைகள் கொப்பியை விரித்து, தலையோடு தலை முட்டப் படித்தோம். எங்கள் தலைமுறையில் பலர் அப்படிப் படித்துத்தான் பல்கலைக்கழகம் போனார்கள்.

மே 26

அமாவாசை. பெரியப்பா நந்திக்கடல் களப்புக்கு இறாலுக்குப் போகிறார். நிலவுக் காலத்தைவிட இருட்டுக் காலத்தில்தான் படும் என்பது அவருடைய அனுபவம். வெளிச்சத்தைப் பற்றி அவரிடம் ஒரு கோபமும் உண்டு. கடலில் பெரிய விளக்குகளைப் பாய்ச்சி மீனைத் திரட்டி அள்ளும் முறையை எதிர்த்து 2018இல் முல்லைத்தீவு மீனவர்கள் வீதிக்கு இறங்கிப் போராடினார்கள். "மீனும் வெளிச்சத்தை நம்பித்தானே பிள்ளை வருகிறது" என்றார் பெரியப்பா. அதற்குமேல் ஒன்றும் கதைக்கவில்லை, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 2

தீர்த்தமெடுப்பு. சிலாவத்தைக் கடற்கரையில் சனம். குடத்தில் கடல்நீர் எடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த உப்புநீரில்தான் ஒரு கிழமைக்கு விளக்கு எரியும். பிறகு பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகும். வழியெல்லாம் படலைக்குப் படலை நிறைகுடம், வேப்பிலை.

அலை காலை நனைக்கப் பொய்கையாழ்வார் நினைவுக்கு வந்தார். "வையம் தகளியா வார்கடலே நெய்யாக, வெய்ய கதிரோன் விளக்காக." பூமி அகல், கடல் நெய், சூரியன் சுடர். கடலை நெய்யாக ஊற்றும் துணிவு அவர் பாட்டில் இருந்தது. சிலாவத்தையில் அதைக் குடத்தோடு தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அந்தப் பாட்டுப் பிறந்த கதையும் இருட்டுக் கதைதான். திருக்கோவலூரில் மழை இரவு, ஒரு சின்ன இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். மூன்று ஆழ்வார்களும் நிற்கும்போது நாலாவதாக ஒருவர் வந்து நெருக்குகிறார். யாரென்று பார்க்கத்தான் பொய்கையார் உலகையே விளக்காக்கினார், பூதத்தார் அன்பையே அகலாக்கினார், பேயார் "திருக்கண்டேன்" என்றார். விளக்கு வந்தபின் கடவுள் வரவில்லை. இருட்டுக்குள்ளேயே வந்து, தோளோடு தோள் முட்டி நின்றுகொண்டிருந்தார்.

ஜூன் 9

வற்றாப்பளைப் பொங்கல். இரவு முழுக்க நித்திரை இல்லை. காவடி, தூக்குக்காவடி, பாற்செம்பு, பறை. நாளை பௌர்ணமி, நந்திக்கடல் வெள்ளித் தகடாகக் கிடந்தது.

கதையை அம்மாச்சி சொன்னபடியே எழுதுகிறேன். மதுரையை எரித்த கண்ணகி, கோபம் ஆறாமல் இலங்கைக்கு வந்து, ஒரு கிழவியாக இந்தக் கரையில் வந்து இருந்தாள். மாடு மேய்த்த சிறுவர்கள் அவளுக்குப் பொங்கினார்கள். பொழுதுபட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றிக் கொளுத்துங்கள் என்றாள். எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்றாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள், ஆயிரம் கண்கள். பிள்ளைகள் திகைத்து நிற்க அவள் மறைந்துவிட்டாள்.

சிலப்பதிகாரத்தில் அவள் முதலில் கேட்பது வெளிச்சத்திடம்தான்: "காய்கதிர்ச் செல்வனே கள்வனோ என் கணவன்?" கள்வன் அல்லன், இந்த ஊரை எரி உண்ணும் என்று குரல் வருகிறது. ஊரைக் கொளுத்தும்போதுகூடப் பசுவை, பத்தினிப் பெண்டிரை, மூத்தோரை, குழவியை விட்டுவிடு என்று தீக்கு எல்லை வகுத்தாள். முள்ளிவாய்க்காலில் விழுந்த நெருப்புக்கு அப்படி எல்லை வகுக்க ஒருவரும் இருக்கவில்லை. கோயில் வாசலில் நின்று நான் அழுதது அதற்காகத்தான். பக்கத்தில் நின்ற அம்மாக்களும் அழுதார்கள். ஏன் என்று ஒருவரையொருவர் கேட்கவில்லை.

ஒரு நகரையே எரித்தவள் இந்தக் கரையில் மாட்டுக்காரப் பிள்ளைகளிடம் கேட்டது ஒரு சின்ன விளக்கு. எனக்கு இந்தக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் வைகாசியில் குளிர்த்தி பாடி அவளை ஆற்றுகிறார்கள். எங்கள் ஊரில் உப்புநீர் ஆற்றுகிறது. அவளுடைய நெருப்பு அணைந்துபோகவில்லை. ஒரு திரியில் அடங்கி, மற்றவருக்கு முகம் தெரியும் அளவுக்கு எரிகிறது.

ஜூன் 11

ஆசிரியர் அறையில் கதை வந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கும் தம்பி, உப்புநீர் எப்படி எரியும் என்று மரியாதையாகத்தான் கேட்டார். எரிவதை நான் நம்புகிறேன் என்றேன். கூடவே நாயன்மாரில் ஒருவரான நமிநந்தியடிகளைச் சொன்னேன். திருவாரூரில் எண்ணெய் கேட்டுப்போன வீட்டில் சமணர் மறுத்தார்கள். குளத்து நீரை முகந்து ஊற்றி விளக்கேற்றினார். கலிய நாயனார் எண்ணெய் வாங்க வழியற்றுத் தன் கழுத்தையே அரியத் துணிந்தார். கணம்புல்லர் புல்லை எரித்தார், அதுவும் போதாமல் தலைமுடியை எரித்தார். வற்றாப்பளைச் சிறுவர்களிடமும் எண்ணெய் இல்லை. பெரியபுராணம் தொட்டு நந்திக்கடல் வரை எங்கள் விளக்குக் கதைகள் எல்லாம் எண்ணெய் முடிந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. இல்லாதவர்கள் சொன்ன கதைகள் இவை. தடைக் காலத்தில் வளர்ந்த எனக்கு இவற்றை நம்புவதில் ஒரு சிரமமும் இல்லை.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கணம்புல்லர் கதை தனக்குத் தெரியாது, வகுப்பில் சொல்லும்போது தானும் வந்து இருக்கலாமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.