பேரம் பேசாமல் வாங்க வந்தவர்

தண்டையார்பேட்டையில் நாங்கள் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப் போவதாக உரிமையாளர் சொன்னதால், மூன்று மாதங்களுக்குள் கொருக்குப்பேட்டையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்கு மாற வேண்டியதாயிற்று. புது வீட்டின் மாடிப்படியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கீழே வண்டி நிறுத்தவும் இடமில்லை. ஆகவே அம்மாவின் தையல் மிஷின், இரட்டைக் கதவு பீரோ, பழைய பிரிட்ஜ், என்னுடைய ஸ்கூட்டர் ஆகிய நான்கையும் இணையத்தில் விளம்பரம் கொடுத்து விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். அந்த ஆறு வாரங்களில் நான் கற்றுக்கொண்டவற்றை, இதே வேலையில் இறங்கவிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் மிஷினுக்கு விளம்பரம் போட்டேன். விலை 6,500 ரூபாய் என்று குறிப்பிட்டு, இரவு எட்டு மணிக்குப் பதிவேற்றினேன். எட்டரை ஆவதற்குள் ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் இந்தி கலந்த ஆங்கிலத்தில், தாம் மத்தியப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவர் என்றும், சென்னை விமான நிலையத்தில் பணிபுரிவதாகவும், மனைவி தையல் கற்றுக்கொள்ள விரும்புவதாகவும் கூறினார். நான் கேட்காமலே சீருடையில் எடுத்த படம், அடையாள அட்டை, ஆதார் அட்டை எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வதாகவும், பணத்தை இப்போதே அனுப்பிவிட்டு மறுநாள் காலை வண்டி அனுப்பி மிஷினை ஏற்றிக்கொள்வதாகவும் சொன்னார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு மாறுகிற அவசரத்தில் ஒரு சுமை குறைந்தது என்றே நினைத்தேன்.

அடுத்துத்தான் விஷயம் தொடங்கியது. படையினரின் கணக்கிலிருந்து பணம் வருவதற்கு ஒரு சரிபார்ப்பு முறை உண்டு என்று சொல்லி ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி, முதலில் ஐந்து ரூபாய் அனுப்பிப் பார்க்கும்படி கேட்டார். அனுப்பினேன். உடனே என் கணக்கில் பத்து ரூபாய் வந்து விழுந்தது. இந்த ஐந்துக்குப் பத்து என்கிற தந்திரத்தின் வலிமையை, அதற்கு ஆளானவர்களால்தான் உணர முடியும். எதிராளி பேச்சுக்குக் கட்டுப்பட்டவர், குறியீட்டை ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்ற இரண்டு எண்ணங்களையும் அது ஒரே அடியில் மனத்தில் பதித்துவிடுகிறது. இரண்டாவதாக 6,500 ரூபாய்க்கான குறியீடு வந்தது. ஸ்கேன் செய்ததும் திரையில் தொகையும், அதன் கீழே குறிப்பு எழுதும் இடத்தில் பணம் பெறுவதற்கு என்று பொருள்படும் ஆங்கில வாசகமும் தெரிந்தன. அந்தக் குறிப்பை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதி ஒரு குறியீட்டுக்குள் வைக்க முடியும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ரகசிய எண்ணைக் கேட்டுக் கட்டம் திறந்து நின்றது.

சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்: “மிஷினு காலுல மிதிக்கிறதா, மோட்டாரு வச்சதான்னு கேட்டானா?”

கேட்கவில்லை. எந்த நிறுவனத்தின் மிஷின், பெல்ட் எப்படி இருக்கிறது, மேசைப் பலகை உளுத்திருக்கிறதா, எத்தனை ஆண்டு ஓடியது, ஒன்றையுமே அவர் கேட்கவில்லை. தொலைபேசியைக் கீழே வைத்தேன். அதன்பிறகு அவர் ஒன்பது முறை அழைத்தார். முதலில் கெஞ்சினார், பிறகு ராணுவத்தை அவமதிப்பதாக மிரட்டினார், கடைசியில் இந்தியில் வைதார். கணக்குப் பார்த்தால் அந்த மோசடியில் எனக்கு ஐந்து ரூபாய் லாபம்.

யுபிஐ 2016-இல் வந்தது. பத்து ஆண்டுகளாகப் பூக்காரம்மா முதல் மீன் ஏலக்காரர் வரை எல்லோரும் பயன்படுத்துகிறோம். ஆனாலும் அதில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்பது பலருடைய மனத்தில் உறைக்கவில்லை, என் மனத்திலும் உறைத்திருக்கவில்லை. பணம் பெறுபவர் குறியீட்டைக் காட்டுகிறார், கொடுப்பவர் அதை ஸ்கேன் செய்து எண்ணை அழுத்துகிறார். காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கும்போது நாம் செய்வதும் அதுதான். அங்கே மீன்காரர் நம்முடைய குறியீட்டை ஸ்கேன் செய்வதில்லை. விற்பவராகிய நான், வாங்குபவர் அனுப்பிய குறியீட்டை ஸ்கேன் செய்தபோதே எங்கள் இருவருடைய இடமும் மாறிவிட்டது. முன்பு குறியீடு இல்லாமலே, பணம் கேட்டு ஒரு கோரிக்கையை அனுப்பி, அதை நம்மைக் கொண்டே ஏற்க வைத்துப் பறிக்கும் வழியும் இருந்தது. தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கை வசதியை, யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அந்த ஒரு கதவு அடைபட்டது. குறியீடு இன்னமும் திறந்தே இருக்கிறது.

அம்மாவுக்கு யுபிஐ தெரியாது. அவருக்குத் தெரிந்தது பழைய பொருள் வாங்குகிறவர்களின் குணம். 1985-இல் எரிந்துபோகும் வரை சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டுக்கு அப்பாவுடன் போய்ப் பழக்கப்பட்டவர் அவர். கடைக்காரர் நாற்பது சொன்னால் பதினைந்தில் தொடங்க வேண்டும், பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும், வேண்டாம் என்று பத்து அடி நடந்து திரும்ப வேண்டும். இன்றைக்கும் எங்கள் தெருமுனைக் காயலான் கடையில், துருப்பிடித்த பிரஷர் குக்கருக்குக்கூட ஐந்து நிமிடம் பேச்சு நடக்கும். பழைய பொருளை உண்மையில் வாங்க வருகிறவருக்குப் பயம் உண்டு, ஏமாந்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயம்தான் அவரைக் கேள்வி கேட்க வைக்கிறது, பீரோவின் கதவைப் பத்து முறை திறந்து மூட வைக்கிறது. இந்தப் பயம் துளியும் இல்லாமல், பார்க்காத பொருளுக்குச் சொன்ன விலையை முன்பணமாகவே தர முன்வருகிறவருக்கு அந்தப் பொருள் தேவைப்படவில்லை. இதை அளவுகோலாக வைத்துக்கொண்ட பிறகு, வந்த அழைப்புகளில் பாதியை இரண்டாவது நிமிடத்திலேயே என்னால் ஒதுக்க முடிந்தது.

மற்ற உத்திகளும் உண்டு. பீரோ விற்கும்போது ஒன்றைச் சந்தித்தேன். 4,000 ரூபாய்க்குப் பேசிய ஒருவர், தவறுதலாக 14,000 அனுப்பிவிட்டதாகவும், மருத்துவமனையில் இருப்பதால் மீதி பத்தாயிரத்தை உடனே திருப்பி அனுப்பும்படியும் பதறினார். 14,000 வரவானதாக எனக்குக் குறுஞ்செய்தியும் வந்திருந்தது. ஆனால் அது வந்தது ஒரு பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து. வங்கியின் செய்தி வங்கியின் பெயரைச் சுருக்கிய எழுத்துத் தலைப்புடன்தான் வரும். கணக்கைத் திறந்து பார்த்தால் ஒரு காசும் ஏறியிருக்கவில்லை. இதே வகையைச் சேர்ந்ததுதான் பணம் செலுத்தியதாகக் காட்டும் போலி ஸ்கிரீன்ஷாட்; பச்சை நிற டிக் குறியும் ஓசையும் உட்பட எல்லாவற்றையும் அப்படியே காட்டுகிற போலிச் செயலிகளே இருக்கின்றன. எதிரே நிற்பவரின் கைப்பேசியில் என்ன தெரிகிறது என்பதை நான் இப்போது பார்ப்பதே இல்லை. என்னுடைய வங்கிக் கணக்கின் இருப்பு மட்டுமே எனக்குச் சான்று.

பணம் உண்மையாகவே வந்துவிட்டாலும் கதை முடிந்துவிடுவதில்லை என்பதை என் உறவினர் ஒருவரின் அனுபவம் காட்டியது. அவர் தம் பழைய கைப்பேசியை 11,000 ரூபாய்க்கு விற்றார். வந்த இளைஞர் நேரில் பார்த்து, பேரமும் பேசி, பணத்தை அனுப்பி எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து உறவினரின் கணக்கு முடக்கப்பட்டது. அந்த 11,000 வேறு மாநிலத்தில் யாரோ ஒருவரிடம் மோசடியாகப் பறிக்கப்பட்ட பணம். பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்ததும், பணம் எந்தெந்தக் கணக்குகள் வழியாக நகர்ந்தது என்று தொடர்ந்து வந்து, அந்த வரிசையில் இவருடைய கணக்கையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். விளம்பரத்தின் நகல், உரையாடல், கைப்பேசி வாங்கியபோது கொடுத்த ரசீது ஆகியவற்றை அவர் அழிக்காமல் வைத்திருந்ததால் விளக்கம் கொடுக்க முடிந்தது. ஆயினும் இரண்டு மாதம் சம்பளப் பணத்தை எடுக்க முடியாமல் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. பணம் வந்தபோது திரையில் தெரிந்த பெயர், வந்த இளைஞரின் பெயரோடு பொருந்தவில்லை என்பது அவருக்கு அப்போதே தெரியும். நண்பரின் கணக்கு என்று சொன்னதை நம்பிவிட்டார். இதைக் கேட்ட பிறகு, எனக்கு வந்த அந்தப் பத்து ரூபாய் யாருடைய பணமோ என்ற எண்ணம் வந்து, லாபம் என்று சிரித்தது கசந்துபோயிற்று. ஆகையால் பெரிய தொகையாக இருந்தால் ரொக்கத்தையே கேட்கிறேன், இல்லையேல் வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்து மட்டும் ஏற்கிறேன். கைப்பேசி விற்பவர்கள், அதில் உள்ள கூகுள் கணக்கை நீக்கி, எல்லாவற்றையும் அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கூட்டரில் மோசடியைவிட அலட்சியமே பெரிய ஆபத்து. ஓட்டிப் பார்க்கக் கேட்டவர்களிடம், வீட்டுக்கு அல்லாமல் தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தின் வாயிலுக்கு வரச் சொன்னேன். அங்கே கேமராவும் ஆள் நடமாட்டமும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பின் இருக்கையில் நானும் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அப்படியே போய்விட்டவர்களைப் பற்றி எங்கள் பகுதியில் எல்லோரும் ஒரு கதையாவது வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம் பெயர் மாற்றம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தாம் பார்த்து மாற்றிக்கொள்வதாகச் சொல்லி வண்டியை எடுத்துச் செல்கிறவர்கள் பெரும்பாலும் மாற்றுவதில்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை விற்றவருக்கு உண்டு என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்கிறது. வண்டி யார் கைக்குப் போயிருந்தாலும், பதிவேட்டில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே வண்டியை ஒப்படைத்த தேதியையும் மணியையும் குறிப்பிட்டு ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, வாங்கியவருடைய அடையாள அட்டையின் நகலை இணைத்து வைத்துக்கொண்டேன். பெயர் மாறியதை இணையத்தில் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. வாங்கிய மெக்கானிக்குக்கு இத்தனை எழுத்து வேலை பிடிக்கவில்லை. நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டியவன் என்று கிண்டல் செய்தார்.

பிரிட்ஜைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரிய பொருளை வீட்டுக்கு வந்துதான் பார்க்க முடியும் என்பதால், அதைப் பகல் நேரத்தில் கீழ்த்தள நடையிலேயே வைத்து ஓடவிட்டுக் காட்டினோம். விளம்பரத்தில் கதவு எண்ணைக் கொடுக்கவில்லை, படத்தில் வீட்டின் உட்புறம் தெரியாதபடி பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம். அவ்வளவுதான்.

ஒருவேளை ரகசிய எண்ணை அழுத்திப் பணம் போய்விட்டால், அடுத்த நிமிடங்களே முக்கியம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்து, பரிவர்த்தனை எண்ணையும் தொகையையும் சொன்னால், பணம் அடுத்த கணக்கில் இருக்கும்போதே நிறுத்த வழியுண்டு. அது எடுக்கப்பட்டுவிட்டால் நிறுத்த ஒன்றும் இருக்காது. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். அதோடு உடனே வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது அவருடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆனால் வங்கியின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுக்காதீர்கள். அங்கேயும் போலி எண்கள் காத்திருக்கின்றன. திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லி, மீதியையும் துடைத்துவிடுவார்கள். ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணே போதும். வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டில் சொல்லாமல் இருந்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மா கேட்டிராவிட்டால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

மிஷின் விற்க மேலும் நான்கு வாரம் ஆனது. வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மாள் தம் மருமகளோடு வந்தார். கையோடு கொண்டுவந்த ரவிக்கைத் துணி பிட்டைப் போட்டு ஒரு முழம் தைத்து, துணியைத் திருப்பி, அடிநூல் சுருக்கு விழுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாபின் கேஸைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்திருக்கிறது என்றார். பெல்ட் மாற்ற வேண்டும் என்றார். பலகையின் ஓரத்தில் நாங்களே கவனித்திராத ஒரு விரிசலைக் கண்டுபிடித்தார். 4,000-இல் தொடங்கி, வாசல் வரை போய்த் திரும்பி, கடைசியில் 5,400-க்கு முடித்து, முந்தானையில் முடிந்திருந்த ரொக்கத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். அம்மாவுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. மிஷினை மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே போய், கால் நூற்றாண்டாகப் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்த ஊசிகளையும் பாபின்களையும் எடுத்துவந்து, அந்த மருமகளின் மடியில் வைத்துவிட்டு வந்தார்.