கடலோரத்துப் பிள்ளைகளும் புத்தகங்களும்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்று மண்டபத்திலும் பாம்பனிலும் பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்ளும்போதெல்லாம் என் மனம் ஒப்புவதில்லை. அவர்கள் புத்தகத்திடம் வந்து சேரும் வழிதான் மாறியிருக்கிறது.

கல்கி 1950-இல் தொடராக எழுதத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’, 2022-இல் திரைக்கு வந்தபோது இதைக் கண்ணாரக் கண்டேன். முதல் படம் பாதிக் கதையில் நின்றுவிட, மீதியை அறியும் ஆவலில் எங்கள் தெருவில் விசைப்படகுக்குப் போகும் தம்பி ஒருவர் அந்நாவலின் ஒலிவடிவத்தைக் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டார். கரையைவிட்டு விலகினால் சிக்னல் கிடைக்காது என்பதால் கடலுக்குப் போகும் முன்பே இறக்கிக்கொள்வாராம். இரவில் ஒரு வலை இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கேட்பாராம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில், அதே கதையின் அச்சுப் புத்தகத்தை என்னிடம் கேட்டு வந்தார். “கேக்கும்போது குரல் நம்மள இழுத்துக்கிட்டுப் போயிருதுண்ணே. இதுல பிடிச்ச எடத்துல நின்னு படிக்கலாம்” என்றார். வாசிப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

கீழக்கரையில் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளிடம் வேறொரு வழக்கம் உண்டு. படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் பென்சிலால் கோடிட்டு, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். பார்த்தவள் எந்தப் புத்தகம் என்று கேட்க, இரண்டொரு நாளில் அது வீடு மாறிவிடுகிறது. அப்படிச் சுற்றிவந்த ஒரு பிரதியைப் பார்த்தேன். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார்கள். உப்புக்காற்றில் ஓரங்கள் உப்பியிருந்தன. கடைசி வெற்றுப் பக்கத்தில் படித்து முடித்தவர்கள் வெவ்வேறு மையில் தங்கள் பெயரின் முதலெழுத்தை எழுதியிருந்தார்கள். வாழும் எழுத்தாளர்களின் நூல்களை அனுமதியின்றி ஸ்கேன் செய்து டெலிகிராமில் பரப்புவதை என்னால் ஏற்க முடியாது. இந்தக் கைமாற்றோ நெடுங்காலமாக இருந்துவரும் நல்ல வழக்கம்.

இராமேசுவரத்தில் அது எத்தகைய பலனைத் தந்தது என்பதற்கு அப்துல் கலாமே சாட்சி. பெரிய நூல் சேகரிப்பு வைத்திருந்த எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரின் வீட்டுக்கு அடிக்கடி போய்ப் புத்தகங்களை இரவல் வாங்கியதையும், முடிந்ததையெல்லாம் படி என்று அவர் ஊக்கப்படுத்தியதையும் கலாம் தம் தன்வரலாற்றில் நன்றியோடு குறிப்பிடுகிறார். கைப்பேசி ஒரு புத்தகத்தை அறிமுகப்படுத்தும். அதைப் படித்து முடித்தவனுடைய முகத்தைப் பார்த்து அடுத்ததை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948-இலேயே வந்துவிட்டது. சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். ஆனாலும் நான் போகும் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நிறைந்திருக்க, வேலை முடிந்து மாலையில் வருகிற இளைஞருக்குப் பூட்டிய கதவுதான் எதிர்ப்படுகிறது. தடைக்காலத்திலாவது இரவு எட்டு மணி வரை திறந்துவைக்கக் கோரும் மனுவில் தெருப்பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதுவரை என் வீட்டு அலமாரி அவர்களுக்குத் திறந்திருக்கும். ‘பொன்னியின் செல்வன்’ மூன்றாம் பாகம் மட்டும் என்னிடம் இல்லை. மண்டபம் பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் அந்தத் தம்பிக்காக இரவல் கொடுங்கள்.