சீஷத்துவ வகுப்பு பரீட்சைக்கு படிக்கிறவங்களுக்கு: மாற்குவை வச்சு ஒரு வழி

எங்க சபையில சீஷத்துவ வகுப்பு, அதாவது இயேசுவோட சீஷனா வாழ்றதைப் பத்தின வகுப்பு, முடியும்போது ஒரு எழுத்துப் பரீட்சை வைப்பாங்க, அதுல வேதாகம மனிதர்களோட வாழ்க்கையில இருந்து ஒரு சீஷன் என்ன கத்துக்கணும்னு ஒரு பகுதி வரும், பைபிள் நல்லா தெரிஞ்சவங்களே அங்கதான் மார்க்கை விடுறாங்க. ஏன்னா தானியேல்னா ஜெபம், யோசேப்புன்னா பரிசுத்தம், பேதுருன்னா அவசரம்னு சண்டே ஸ்கூல்லயே ஒவ்வொருத்தர் மேலயும் ஒரு லேபிள் ஒட்டியாச்சு, அந்த லேபிளையே ரெண்டு பக்கத்துக்கு இழுத்து எழுதிட்டு வந்துடறாங்க. திருத்துறவர் அதை எத்தனை தடவை படிப்பார், பாவம்.

எனக்கு கைகொடுத்தது இதுதான். ஒரு ஆளை எடுத்தா அவர் வர்ற எல்லா வசனத்தையும் சம்பவம் நடந்த வரிசையில ஒரு தாள்ல எழுதிடுவேன், பக்கத்துல எந்த ஊரு, கூட யாரு இருந்தாங்கன்னு குறிப்பேன், பாடம் என்னன்னு கடைசி வரைக்கும் யோசிக்கவே மாட்டேன். மாற்குவை வச்சு காட்டுறேன், அவர்கிட்ட இது ரொம்ப நல்லா புரியும்.

முதல்ல ஒரு சிக்கல். மொபைல் ஆப்ல "மாற்கு"ன்னு சர்ச் போட்டா முக்கியமான ரெண்டு இடம் வராது. அப்போஸ்தலர் 13:5, 13:13 ரெண்டுலயும் அவர் பேரு வெறும் "யோவான்"தான், அந்த யோவானுக்கு மாற்குன்னும் ஒரு பேரு இருக்குன்னு 12:12-லயே சொல்லியாச்சு, அதனால 13-ல சுருக்கமா போயிடுது. அவர் ஊழியப் பயணத்துல பாதியில திரும்பிப் போனதே 13:13-லதான் இருக்கு! அதனால ஆளுக்கு ரெண்டு பேரு இருக்கான்னு பார்த்துட்டு தேடுங்க, அவரை ஊழியத்துக்கு கூட்டிட்டுப் போன பர்னபாவுக்கும் இயற்பேரு யோசே (4:36).

இப்போ வரிசை. எருசலேம்ல அவங்க அம்மா மரியாள் வீடு, பேதுரு ஜெயில்ல இருக்கும்போது நிறைய பேர் கூடி ஜெபிச்ச வீடு, பேதுரு வந்து கதவைத் தட்டினதும் ரோதைங்கற வேலைக்காரப் பொண்ணு சந்தோஷத்துல திறக்க மறந்து உள்ள ஓடின அதே வீடு. அதாவது மாற்கு சபையை வீட்டுக்குள்ளயே பார்த்து வளர்ந்த பையன். அப்புறம் பர்னபாவும் சவுலும் (பின்னாடி பவுல்னு வர்றவர் இவர்தான்) அவரை அந்தியோகியாவுக்கு கூட்டிட்டுப் போறாங்க (12:25), அங்கிருந்து சீப்புரு தீவு, சாலமி பட்டணத்துல உதவிக்காரர். தீவைத் தாண்டி பம்பிலியாவுல பெர்கேவுக்கு வந்ததும் அவர் எருசலேமுக்கு திரும்பிடறார்.

ஏன் திரும்பினார்? அப்போஸ்தலர் நடபடிகளை எழுதின லூக்கா ஒரு வார்த்தை எழுதல. பிரசங்கத்துல வீட்டு ஞாபகம்பாங்க, அங்கிருந்து ஏறவேண்டிய தவுரு மலைக்கு பயந்துட்டார்ம்பாங்க, எல்லாம் யூகம்தான். பரீட்சையில யூகத்தை வசனம் மாதிரி எழுதாதீங்க, "காரணம் சொல்லப்படவில்லை"ன்னு ஒரு வரி எழுதினாலே நீங்க வசனத்தை நேரா படிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சிடும்.

அதே 13:13-ல இன்னொண்ணும் நடக்குது, பக்கத்துல குறிப்பு எழுதும்போதுதான் கண்ணுல பட்டுச்சு. 13:2, 13:7-ல "பர்னபா, சவுல்"னு வந்த வரிசை இங்க "பவுலும் அவனைச் சேர்ந்தவர்களும்"னு மாறிடுது. யாரும் நம்பாத சவுலை அப்போஸ்தலர்கள்கிட்ட கூட்டிட்டுப் போனவர் பர்னபா (9:27), தர்சுவுக்கே போய் தேடிக் கொண்டுவந்தவரும் அவர்தான் (11:25). இப்போ அவரே ரெண்டாவது இடத்துல, ஆனா அவர் முகம் சுளிச்சதா எங்கேயும் இல்ல. சீஷத்துவம்னு கேள்வி வந்தா என்னைக் கேட்டா மாற்குவை விட பர்னபாவைத்தான் எழுதச் சொல்லுவேன்.

15-ம் அதிகாரத்துல சண்டை. மறுபடி மாற்குவை கூட்டிட்டுப் போகலாம்னு பர்னபா, வேண்டாம்னு பவுல், "கடுங்கோபமூண்டபடியினால்" பிரிஞ்சுடறாங்க, பர்னபா மாற்குவோட சீப்புருவுக்கு, பவுல் சீலாங்கற இன்னொரு ஊழியரோட சீரியா சிலிசியா பக்கம். யார் செஞ்சது சரின்னு தீர்ப்பு எழுத நிறைய பேருக்கு கை துறுதுறுங்கும், லூக்காவே எழுதல, நாம ஏன். பர்னபாவுக்கு மாற்கு சொந்தக்காரர்ங்கறது கொலோசெயர் 4:10-லதான் தெரியும், அதையும் சேர்த்துக்கோங்க, பாசமும் இருந்திருக்கலாம். பர்னபாவும் குறை இல்லாதவர் கிடையாது, அந்தியோகியாவுல பேதுரு புறஜாதியாரோட சாப்பிடாம விலகினப்போ அவரும் அந்தப் பக்கம் இழுபட்டார் (கலாத்தியர் 2:13).

இதுக்கப்புறம் அப்போஸ்தலர் நடபடிகள்ல பர்னபாவும் இல்ல, மாற்குவும் இல்ல, நிறைய பேர் இங்கேயே பேனாவை வச்சுடறாங்க. ஆனா நிருபங்களுக்கு, அதாவது கடிதங்களுக்கு, போனாதான் மீதிக்கதை. கொலோசெயர் 4:10-ல பவுலே, மாற்கு வந்தா ஏத்துக்கோங்கன்னு சிபாரிசு பண்றார். பிலேமோன் 24-ல உடன்வேலையாட்கள் லிஸ்ட்ல முதல் பேரே மாற்கு, அதே வரியில தேமாவும் இருக்கார். பேதுரு "என் குமாரனாகிய மாற்கு"ன்னு எழுதறார். கடைசியா 2 தீமோத்தேயு 4, பவுல் கட்டுண்டு கிடக்கிறார், குளிர்காலம் வர்றதுக்கு முன்னாடி வா, துரோவாவுல விட்ட மேலங்கியை எடுத்துட்டு வான்னு தீமோத்தேயுகிட்ட கேக்கற அதே அதிகாரத்துல, 10-ம் வசனத்துல தேமா உலக ஆசையில விட்டுட்டுப் போயிட்டார், 11-ம் வசனத்துல மாற்குவை கூட்டிட்டு வா, ஊழியத்துல எனக்கு பிரயோஜனமுள்ளவன்ங்கறார். ஒருகாலத்துல வேண்டாம்னு சொன்ன அதே ஆளு! பெர்கேயில இருந்து இங்க வரைக்கும் பத்து வருஷத்துக்கு மேல ஆகியிருக்கும்னு பொதுவா சொல்லுவாங்க, அந்த இடைவெளியில என்ன நடந்துச்சுன்னு முழுசா தெரியாது, ஆனா முதல்ல அவரை கைவிடாதவர் பர்னபான்னு தெரியும்.

இந்தத் தாள் கையில இருந்தா பாடம் தானா வரும், "தோல்வியில் சோர்ந்துபோகாதே"ன்னு பொதுவா எழுதவேண்டிய அவசியமே இல்ல. பத்து மார்க் கேள்வின்னா நாலஞ்சு வசனத்தை ஊர் பேரோட எழுதி, ஒவ்வொண்ணுக்கும் கீழ உங்க சபையில அது எப்படி இருக்கும்னு ஒரு வரி போடுங்க, உதாரணமா வாலிபர் கூட்டத்துல பாதியில நின்னுட்ட ஒரு தம்பி திரும்ப வந்தா அவனுக்கு யாரு என்ன பொறுப்பு கொடுப்பாங்க. வசன எண் மறந்துட்டா அதிகாரம் மட்டும் போடுங்க, தப்பு நம்பர் போடறதுக்கு அது தேவலாம். வசனத்தை முழுசா எழுதி பக்கத்தை நிரப்பாதீங்க.

அடுத்து யாரை எடுக்கலாம்னு கேட்டா தேமா. மூணே வசனம், கொலோசெயர் 4:14, பிலேமோன் 24, 2 தீமோத்தேயு 4:10, ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும். தாவீதை முதல்லயே எடுத்துடாதீங்க, சாமுவேல் புத்தகம் ரெண்டு, 1 நாளாகமம், சங்கீதம்னு போய்க்கிட்டே இருக்கும், பரீட்சை தேதி வந்துடும்.