ஜவ்வரிசி ஆலை வாயுவில் வளர்த்த ஸ்பைருலினா: அரூர் அனுபவம்

அரூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரை மூடிவைத்தால் வரும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. அந்தக் கார்பனில் ஸ்பைருலினா என்ற உண்ணத்தக்க நீலப்பச்சைப் பாசியை வளர்த்து, குடலில் நல்ல பாக்டீரியாவுக்கு இரையாகும் பாலிசாக்கரைடை (நீண்ட சர்க்கரைச் சங்கிலி) அதிலிருந்து எடுக்க இறங்கினோம்.

முதல் வேலை தண்ணீர். தருமபுரி மாவட்டத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடிக்கவே ஒகேனக்கல் தண்ணீரை எதிர்பார்க்கும் ஊரில், சாப்பிடும் பொருளுக்கு போர் தண்ணீர் வேண்டாம் என்று மழைநீரைச் சேமித்தோம்.

அப்புறம் வாயு. இரும்புத்தூள் நிரப்பிய குழாய் வழியாக அனுப்பி ஹைட்ரஜன் சல்பைடை நீக்கினோம். மரவள்ளியில் சயனைடு உண்டு என்பதால் அதற்கும் தனியாகச் சோதனை செய்தோம். வாயுவை நேரே தொட்டியில் விடக்கூடாது. பாசி விடும் ஆக்சிஜன் மீத்தேனோடு கலந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து. அதனால் பாசியை வடிகட்டிய தொட்டி நீரை மட்டும் தனிக் கோபுரத்தில் ஏற்றி வாயுவைக் கரைத்து, மீண்டும் தொட்டிக்கு விட்டோம். பாசி கார்பனைத் தின்னத் தின்ன நீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் ஏறும். 10-ஐத் தாண்டினால் கோபுரத்தை ஓட்டுவோம். வழக்கமாகக் கார்பனுக்காகப் போடும் ஆப்ப சோடாவின் செலவு நன்றாகவே குறைந்தது. ஒரு கிலோ உலர்பாசிக்குச் சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு போகும்.

அறுவடை எனக்குப் பிடித்த வேலை. துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்ததை முறுக்கு அச்சில் போட்டு, வலைத்தட்டில் கரும்பச்சை இழைகளாகப் பிழிவோம். இழை மெல்லிசாக இருந்தால்தான் உள்ளே ஈரம் தங்காமல் காயும். ஈரம் தங்கினால் வாடை வந்துவிடும்.

பொடியை வெந்நீரில் ஊறவைத்து, சக்கையை நீக்கி, தெளிநீரில் எத்தனால் ஊற்றினால் பாலிசாக்கரைடு பஞ்சுபோலத் திரண்டு இறங்கும். எத்தனாலுக்கு மதுவிலக்குத் துறை அனுமதி வேண்டும். இதை முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆய்வகத்தில் ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம், மைக்ரோசிஸ்டின் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியில் வேறு நீலப்பச்சைப் பாசி புகுந்தால் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு வரலாம் என்பதால் அந்தச் சோதனையை விடவே கூடாது. வளர்ப்பு ஊடகத்தில் சர்க்கரைக்குப் பதில் நம் பாலிசாக்கரைடைப் போட்டு, பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல குடல் பாக்டீரியா வளர்கிறதா என்று, அதற்கு ஏற்கெனவே தெரிந்த இரையான இனுலின் என்ற நார்ச்சத்தோடு ஒப்பிட்டோம். வளர்ந்தது, மனசு நிறைந்தது. ஆனால் குடுவையில் வளர்வது வேறு, மனிதக் குடலில் வேலை செய்வது வேறு. மனிதர்களிடம் செய்த ஆய்வு கையில் இல்லாமல் ப்ரீபயாட்டிக் (நல்ல குடல் பாக்டீரியாவுக்கான உணவு) என்று அச்சடிக்க நான் சம்மதிக்கவில்லை. இப்போதைக்குக் கேழ்வரகு சத்துமாவுக்காரர்களுக்கு வெறும் ஸ்பைருலினா பொடியாகவே கொடுக்கிறோம்.