ரயில் விளையாட்டுக்குப் பெயர் தேடிய நாட்கள்

ஜூன் 2

நிரல் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இனி கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பக்கம் திறக்க வேண்டும். கட்டணம் 100 டாலர்; வருமானம் 1,000 டாலரை எட்டினால் அதைத் திருப்பித் தந்துவிடுவார்கள். பணத்தைக் கட்டிவிடலாம். ஆனால், பக்கத்தின் உச்சியில் போடப் பெயர் இல்லை. இதுவரை கணினியில் 'ரயில்_புதியது' என்றுதான் கிடக்கிறது. மைன்கிராஃப்டே 2009இல் 'கேவ் கேம்' என்றுதான் தொடங்கியது என்று தம்பி சமாதானம் சொல்கிறான். அவன் படம் வரைகிறவன், அவனுக்குக் கவலை இல்லை.

ஜூன் 4

காட்பாடி யார்டில் ஓர் இரவுப் பணி. சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என்று நாலாபக்கமிருந்தும் வண்டிகள் வரும். ஆடுபவர் பாயிண்ட்ஸ்மேன், அதாவது தண்டவாளம் பிரியும் இடமான பாயிண்டைத் திருப்பி வண்டிக்குப் பாதை மாற்றிவிடுகிறவர். பாயிண்டைத் தப்பாகத் திருப்பினால், எக்ஸ்பிரஸ் வர வேண்டிய பாதையில் கூட்ஸ் வண்டி போய் நிற்கும். இவ்வளவுதான் விளையாட்டு.

இதற்கு 'ரயில்' என்று தொடங்கும் பெயரை வைத்தால் தொலைந்தோம். ரயில்வே எம்பயர், ரயில்பவுண்ட், ரயில் ரூட் என்று ஏற்கெனவே ஒரு கூட்டமே இருக்கிறது. கல்லூரி நண்பன் ஒருவன் பெயரில் 'லெஜண்ட்ஸ்' சேர்க்கச் சொன்னான். சட்டையில் கிரீஸ் கறையோடு லீவர் இழுக்கிறவனுக்கு எதற்கு இந்தக் கிரீடம்?

ஜூன் 7

மாமா வந்திருந்தார். இதே காட்பாடியில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். விளையாட்டைக் காட்டினோம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கிளாம்ப் எங்கே மாப்பிள்ளை? பாயிண்டைத் திருப்பிவிட்டு கிளாம்ப் போட்டுப் பூட்டாமல் எவன் பச்சை விளக்கைக் காட்டுவான்?" என்று கேட்டார். அதுவரை எங்கள் ஆள் பூட்டாமல்தான் விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தான். தம்பி உடனே ஒரு பூட்டை வரைய ஆரம்பித்துவிட்டான்.

பெயர் வேண்டும் என்றதும் மாமா யோசிக்கவே இல்லை. "லைன் கிளியர் என்று வை." ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒருவருக்கொருவர் கேட்டு வாங்குவது அது, வண்டியை அனுப்பலாம் என்ற சம்மதம். ஊரில் கல்யாணப் பேச்சு முடிந்தால்கூட 'லைன் கிளியர்' என்றுதான் சொல்கிறோம். அருமையான பெயர். ஆனால், இரவு தேடிப் பார்த்தால் வந்ததெல்லாம் டெட்ரிஸ். கட்டைகள் ஒரு வரிசையாக நிரம்பி மறைவதற்கு அந்த உலகில் பெயரே லைன் கிளியர்தான். 1984இல் பிறந்த விளையாட்டோடு தேடுபொறியில் மல்லுக்கட்ட எங்களுக்குத் தெம்பில்லை.

அடுத்து 'அவுட்டர்'. வண்டி அவுட்டரில் நின்று எரிச்சலூட்டாத பயணி தமிழ்நாட்டில் உண்டா? ஆனால் 2019இலேயே அவுட்டர் வைல்ட்ஸ், தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் என்று இரண்டு வந்து, ஒன்றை மற்றொன்றாக நினைத்து ஆட்கள் குழம்பினார்கள். அந்தக் குழப்பத்தில் மூன்றாவதாக நாங்கள் எதற்கு?

ஜூன் 8

தம்பி பேசவில்லை. 'அவுட்டர்' அவன் சொன்ன பெயர்.

ஜூன் 11

குடியாத்தத்தில் இருக்கும் அத்தை மகனுக்குப் போன் செய்து, "பாயிண்ட்ஸ்மேன் என்று ஆங்கிலத்தில் தட்டி அனுப்பு" என்றேன். நடுவில் உள்ள 'எஸ்' எழுத்தை விட்டுவிட்டு அனுப்பினான். அவன் மேல் குற்றமில்லை, அந்த ஒலி போனில் விழுந்திருக்காது. வாயால் கேட்ட பெயரை ஒருவன் அப்படியே தட்டிக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்தப் பெயர் எவ்வளவு அழகாக இருந்தும் என்ன பயன்? 'காட்பாடி' என்று தட்டச் சொன்னேன். பிசகே இல்லை. ஸ்டேஷன் பலகையில் பார்த்துப் பார்த்துப் பழகிய எழுத்துகள் அல்லவா?

ஆகவே 'காட்பாடி பாயிண்ட்ஸ்மேன்'. பின்பாதி தப்பினாலும் முன்பாதி ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும். வெளிநாட்டானுக்குக் காட்பாடி என்ன தெரியும் என்று நண்பன் கேட்டான். 'வெண்பா' என்ற பெயரிலேயே 2023இல் ஒரு விளையாட்டு வந்து உலகம் முழுக்க ஆடப்பட்டதே என்றேன். "அது சின்னப் பெயர்" என்றான். அதில் நியாயம் இருக்கிறது.

ஜூன் 13

வணிகச் சின்னம் பதிய விசாரித்தேன். தனிநபர் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மென்பொருளுக்கு 9ஆம் வகுப்பு, பொழுதுபோக்குச் சேவைக்கு 41. இப்போதைக்கு 9 மட்டும். வெறும் ஊர்ப்பெயரையோ வெறும் தொழிற்பெயரையோ கொண்டுபோனால் சட்டத்தின் 9ஆம் பிரிவைக் காட்டி மறுக்க இடமுண்டு. இரண்டையும் சேர்த்ததால் மட்டும் தப்பித்துவிட முடியாது. அதனால் தம்பி வரைந்த கைவிளக்கையும் சேர்த்து ஒரே சின்னமாகக் கொடுக்கப் போகிறோம்.

ஜூன் 16

ஸ்டீம் தேடல் பட்டியலில் வரும் சிறு படம் தீப்பெட்டி லேபிள் மாதிரி. அதற்குள் இந்த நீளப் பெயர் அடங்க வேண்டும். ஒரே வரியில் எறும்பாகிவிட்டது. இரண்டு வரியாக்கியதும் கைவிளக்குக்கு இடமில்லை. 'ஓர் இரவு, நான்கு திசை' என்று கீழே ஒரு வாசகம் போட தம்பிக்கு ஆசை. விளம்பர வாசகங்களை அந்தப் படத்தில் ஸ்டீம் அனுமதிப்பதில்லை என்ற விதியைக் காட்டினேன். முறைத்தான். கடைசியில் விளக்கை எடுத்துவிட்டு அதன் சிவப்பையும் பச்சையையும் எழுத்துகளுக்கே பூசினான். போனில் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தபோதும் படிக்க முடிந்தது.

மாமாவுக்கு அனுப்பினோம். "பச்சை மேலே இருக்கட்டும்" என்று பதில் வந்திருக்கிறது. ஏன் என்று நாளை கேட்க வேண்டும்.