பன்னிரண்டில் ஒரு பங்கு கழுத்து

தையல் புத்தகங்களுக்கு மனித உடம்பின் ஒழுக்கத்தின் மீது அபார நம்பிக்கை. மார்புச் சுற்றளவு ஒன்றைச் சொல்லிவிட்டால் மீதி எல்லாவற்றையும் வகுத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். முன் பாகத்துக்கு நாலில் ஒரு பங்கு, கழுத்து அகலத்துக்கு ஒரு பக்கம் பன்னிரண்டில் ஒரு பங்கு. கல்யாணத்தின்போது எனக்கு மார்பு 32. இப்போது 38. அந்தக் கணக்குப்படி இத்தனை வருஷத்தில் என் கழுத்தும் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு அங்குலம் அகன்றிருக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தேன். கழுத்து அப்படியேதான் இருக்கிறது. சதை போட்டதெல்லாம் வேறு இடங்களில்.

ஜாக்கெட் ஏன் தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. எலும்பு பெருப்பதில்லை, சூத்திரம் பெருக்கிறது.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் காரணம் சித்தப்பா மகளின் கல்யாணம். ஆவணி முகூர்த்தம் என்பதால் தெருமுனைத் தையல்கடையில் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. "அளவு ஜாக்கெட்டை வச்சுட்டுப் போங்கக்கா, வெள்ளிக்கிழமை பாக்கலாம்" என்றார் கடைக்காரர். எந்த வெள்ளிக்கிழமை என்று அவர் எப்போதும் சொல்வதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் அந்த அளவு ஜாக்கெட்தான். அதை வைத்து ஒன்று தைப்பார்கள், இருப்பதில் அது பரவாயில்லை என்று அடுத்த முறை நாம் அதையே அளவுக்குக் கொடுப்போம். அதற்கு முந்தியதில் கை இறுக்கிப் பிடித்தது என்றால் அந்தப் பிடிப்பும் வம்சாவளியாக வந்துகொண்டே இருக்கும். என் அளவு ஜாக்கெட் எந்தக் காலத்து உடம்பைப் பார்த்துத் தைத்தது என்பது அதற்கே மறந்திருக்கும்.

சரி, நாமே தைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அம்மா வீட்டில் பழைய உஷா கால் மெஷின் இருக்கிறது. நான் தையல் வகுப்புக்குப் போனவள்தான். லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயப்போடாமல் வெட்டக்கூடாது, நேர் நூல், அதாவது துணியின் நெடுக்கு இழை, பார்க்காமல் கத்தரியை வைக்கக்கூடாது என்பதெல்லாம் இன்னும் மறக்கவில்லை.

அம்மாவுக்குத்தான் ஒப்பவில்லை. "புது மண்டபத்துல கண்ணால பாத்தே தைப்பாங்க. துணியக் குடுத்துட்டு மீனாட்சியக் கும்பிட்டுட்டு வர்றதுக்குள்ள பாவாடை ரெடி. நீ என்னமோ பேப்பரும் பென்சிலும்னு பரீட்சை எழுதுற!" மதுரைக்காரர்களுக்குத் தெரியும். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் சிலைத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். எட்டு வயதுப் பெண்ணுக்குப் பாவாடையைக் கண்ணால் பார்த்துத் தைத்துவிடலாம் அம்மா, இரண்டு பிள்ளை பெற்றவளின் புஜத்துக்கு டேப் வேண்டும் என்றேன்.

அளவு எடுக்க இன்னொரு ஆள் தேவை என்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய குறை. டேப்பைப் பிடித்த அம்மா ஒவ்வொரு எண்ணையும் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். வாசலில் கீரை விற்பவர் நின்றிருந்தார். இடுப்பு அளவு வந்தபோது நான் மூச்சை உள்ளே இழுத்தேன். "மூச்ச விடு, கல்யாணத்துல சாப்பிடத்தானே போற?" என்றார் அம்மா. இதற்கு மேல் துல்லியமான தையல் பாடத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

இதற்கு நடுவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டேப்பின் மொத்த நீளம் 60 அங்குலம், அதாவது 152 சென்டிமீட்டர். என் உயரமும் அதேதான். ஜெர்மனியின் புர்டா பேட்டர்ன்கள், அதாவது துணி மேல் வைத்து வெட்டும் காகித மாதிரிகள், பொதுவாக 168 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்காக வரையப்படுபவை. அதை எனக்குக் குர்தியாக்க வேண்டுமானால் அடியில் மட்டும் வெட்டினால் போதாது. அக்குளுக்கும் இடுப்புக்கும் நடுவிலும் காகிதத்தை மடித்துச் சுருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஜெர்மன் அம்மையாரின் இடுப்பு என் தொடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஜாக்கெட்டுக்கு வருவோம். பட்டுத்துணியில் எடுத்த எடுப்பிலேயே கத்தரி வைக்கிற தைரியம் எனக்கில்லை. அப்பாவின் பழைய கரை வேட்டி ஒன்று கிடந்தது, ஏதோ மாநாட்டுக்குக் கொடுத்தது. மாதிரி தைக்க நல்ல துணி, இழுத்தால் நீளாது. பின் பாகத்தின் அடியில் மடித்துத் தைக்கும் வேலை மிச்சம் என்று கட்சிக் கரை அங்கே வரும்படி வெட்டினேன். தைத்து, போட்டுக்கொண்டு, முதுகுப் பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லி மகனோடு மொட்டை மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், "என்னம்மா, வார்டு எலெக்‌ஷன்ல நிக்கிறியா? சொல்லவே இல்ல?" என்றார். சாயந்தரத்துக்குள் செய்தி அப்பாவின் காதுக்குப் போய்விட்டது. அவருக்கு வேட்டி போனதில் வருத்தமில்லை, கரையைத் தலைகீழாக வைத்துவிட்டேன் என்றுதான் கோபம்.

போட்டோ சொன்ன செய்தி வேறு. வலது தோள் இடதைவிடக் கால் அங்குலம் இறங்கியிருந்தது. பல வருஷமாக அந்தப் பக்கம் பையை மாட்டியதாலோ என்னவோ. துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டாக வெட்டுவதுதான் வழக்கம். இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று நம்பித்தானே மடிக்கிறார்கள்? நான் வலதுக்குத் தனியாக ஒரு காகிதம் வெட்டினேன். தோள் நுனியைக் கால் அங்குலம் இறக்கி, அக்குளையும் அதே அளவு இறக்கினேன். அக்குளை விட்டுவிட்டால் கைக்குழி சின்னதாகிப் பிடிக்கும். கழுத்து அகலத்துக்கு 32 காலத்துக் கணக்கையே போட்டேன், தோளுக்கு எலும்பிலிருந்து எலும்புக்கு அளந்ததை.

கைதான் பெரிய பாடு. மாதிரியைப் போட்டுக்கொண்டு பரண் மேலிருந்த டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினால் ஜாக்கெட் மொத்தமும் கூடவே கிளம்பியது. தினசரித் தாளில் வரைந்திருந்த கையை எடுத்து நடுவில் நெடுக்காக ஒரு வெட்டு, மேல் வளைவு முடியும் இடத்தில் குறுக்காக ஒரு வெட்டு. நான்கு முனைகளிலும் நூலளவு ஒட்டியிருக்கும்படி விட்டு, மெதுவாக இரண்டு பக்கமும் இழுத்தேன். நடுவில் அங்குலக் கணக்கில் இடைவெளி விரிந்தது, மேல் வளைவு தானாகத் தாழ்ந்தது, ஆனால் கைக்குழியோடு சேர்கிற ஓரம் மட்டும் நீளம் மாறவில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே தையல் கற்றுக்கொள்ளலாம். அது ராசிபலன் பக்கம் என்பதால் என் சிம்மம் இரண்டாகப் பிளந்து, 'செலவு' இந்தப் பக்கமும் 'குறையும்' அந்தப் பக்கமும் போய்விட்டது.

அப்புறம் பட்டை வெட்டித் தைத்தது, ஹூக் வைத்தது எல்லாம் மளமளவென்று முடிந்தது. கல்யாணத்தன்று இரண்டு கையையும் தூக்கி மணமக்களுக்கு அட்சதை போட்டேன். ஜாக்கெட் இருந்த இடத்திலேயே இருந்தது.

பந்திக்கு நிற்கும்போது பெரியத்தை பிடித்துக்கொண்டார். "நீயே தைச்சியாமே?" என்று என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தைப் பற்றியோ கையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. நேராகக் கையின் ஓரத்தைப் புரட்டி, "உள்ள துணி எம்புட்டு விட்டிருக்க?" என்றார்.

"ஒன்றரை இஞ்ச் அத்தை."

"பத்தாதே. ரெண்டு விட்டிருக்கணும்."

"ரெண்டு பிள்ளையும் பெத்தாச்சு, இனிமே எங்க அத்தை பெருக்கப்போறேன்?"

"அதுக்கப்புறம்தாண்டி உடம்பு போடவே ஆரம்பிக்கும்" என்றவர் தன் அரக்குப் பட்டு ஜாக்கெட்டின் கையைப் புரட்டிக் காட்டினார். பிரித்த தையல்களின் ஊசித் துளைகள் வரிவரியாக இருந்தன. அத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்தார்.

"இது பெரியவன் பொறந்தப்ப. இது சின்னவ பொறந்தப்ப. இது போன வருசம் உங்க மாமா ரிட்டயர் ஆனப்ப."

"மாமா ரிட்டயர் ஆனதுக்கும் உங்க கைக்கும் என்ன சம்பந்தம்?"

"மூணு வேளையும் துணைக்கு உக்காந்து சாப்பிடணுமேடி!"