ஜெலட்டினுக்குப் பதில் அகர் அகர்: அளவும் சூடும்

புதிதாக வெளிநாட்டு டெசர்ட் புத்தகம் வாங்கியவர்கள் முதலில் அளவுப் பக்கத்தைப் படியுங்கள். அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250. அங்கே மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. கிராமில் கொடுத்திருந்தால் தராசை எடுத்துவிடுங்கள்.

சைவக்காரர்கள் தடுமாறுவது ஜெலட்டினில்தான். டெசர்ட்டை உறையவைக்கும் அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது. பதிலுக்கு அகர் அகர், அதாவது நம் கடைகளில் கிடைக்கும் சைனா கிராஸ். ஆனால் ஜெலட்டின் அளவையே போட்டால் பன்னா கோட்டா (பாலும் கிரீமும் சேர்த்து உறையவைக்கும் இத்தாலிய இனிப்பு) ரப்பர் மாதிரி ஆகிவிடும். 500 மில்லி பால், கிரீம் கலவைக்கு 2 கிராம் அகர் தூள் போதும்.

தூளைக் குளிர்ந்த பாலில் கலக்கி, கிளறிக்கொண்டே 2 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். ஜெலட்டின் வெதுவெதுப்பிலேயே கரையும், அகர் கொதித்தால்தான் கரையும். பிறகு சேர்க்கும் கிரீம் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வரக்கூடாது. அகர் 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே உறைய ஆரம்பிக்கும், அதனால் குளிர்ந்த கிரீம் பட்ட இடமெல்லாம் திரிதிரியாகும். கிரீமை வெதுவெதுப்பாக்கி ஊற்றுங்கள். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பின்புதான், புளிப்போடு கொதித்தால் அகரின் பிடிப்பு குறையும்.

பச்சை அன்னாசி ஜெலட்டினை உறையவிடாது, அதன் நொதி புரதத்தைச் சிதைத்துவிடும். அகர் புரதமே இல்லை, தாராளமாகப் போடலாம். அடித்த கிரீமை மடித்துச் சேர்க்கும் மூஸ் வகைக்கு மட்டும் அகர் வேண்டாம், கலக்கி முடிப்பதற்குள் உறைந்துவிடும். சாக்லேட்டே கெட்டியாக்கும் மூஸ் செய்முறையைத் தேர்ந்தெடுங்கள்.